கோஷா: ஓர் ஆஸ்பத்திரிப் பெயருக்குள் இருக்கும் மூலை

"ஏம்பா, கோஷா ஆஸ்பத்திரி போவுமா?" திருவல்லிக்கேணிப் பக்கம் ஷேர் ஆட்டோவில் இப்படிக் கேட்டால் போதும், கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அரசு ஏடுகளில் அது கஸ்தூரிபா காந்தி பெயரைத் தாங்கிய மகளிர், குழந்தைகள் மருத்துவமனை. ஒயர் கூடையில் பிளாஸ்க்கும், பிறக்கப்போகும் பிள்ளையைச் சுற்றுவதற்கு நைந்த பருத்திப் புடவையுமாக வாசலில் காத்திருக்கும் அம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும் கோஷாதான்.

ஏதோ டாக்டரின் பெயர்போல ஒலிக்கும் இந்தச் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே 'கோஷா' என்றால் மூலை. அதிலிருந்து ஒதுங்கியிருத்தல் என்ற பொருள் பிறந்தது. உருது வழியாக இங்கே வந்தபோது, வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே பெண்கள் வாழும் வழக்கத்துக்குப் பெயரானது. ஆற்காட்டு நவாபுகள் குடியிருந்த சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் உருது புழங்கிய பகுதிகள்தானே.

சரி, மூலை எப்படி ஆஸ்பத்திரிப் பெயரானது? எழும்பூரில் 1844-லேயே பிரசவ ஆஸ்பத்திரி வந்துவிட்டது. திருவல்லிக்கேணியிலிருந்து வண்டி கட்டினால் போய்விடும் தூரம். ஆனால் ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது என்ற வீடுகளில், பிள்ளை குறுக்கே கிடந்தாலும் ரத்தம் நிற்காமல் போனாலும் அந்தப் பெண் வீட்டிலேயேதான் கிடக்க வேண்டும். வக்கீலின் மனைவியாகச் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் இந்தக் கொடுமையை அறிந்து, 1875-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரானார். பெண் டாக்டர்களே பார்க்கும் இந்த ஆஸ்பத்திரி 1885-இல் அவர் முயற்சியால் உருவானது. 'சாதி, கோஷாப் பெண்களுக்கான' ஆஸ்பத்திரி என்றே அதற்குப் பெயர். அதிலிருந்த 'சாதி' உதிர்ந்துபோனது நல்லதே. 'கோஷா' மட்டும் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

பிரசவ மரணங்களை ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபரா மெய்ன் இருவரும் 1994-இல் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். ஆம்புலன்ஸும் ரத்த வங்கியும் பின்னிரண்டுக்கும் உதவும். கோஷா முதல் தாமதத்தின் பெயர். 2023-இல் உலகெங்கும் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் ஏறத்தாழ 2,60,000 பேர். பத்தில் ஒன்பதுக்கு மேல் ஏழை நாடுகளிலும் நடுத்தரத்துக்குக் கீழான வருமானமுள்ள நாடுகளிலும். வலி எடுத்த பிறகும் கணவரின், மாமியாரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கும் பெண்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு என்ன சொல்? 'முக்காடு' துணியை மட்டும் சொல்கிறது. 'திரைமறைவு' இப்போது ரகசிய பேரத்துக்குப் போய்விட்டது. 'மூலை' பொருளளவில் மிக நெருங்கி வருகிறது. கணவனை இழந்தவளை மூலையில் உட்கார வைத்த வழக்கமும், பிள்ளை பெற்றவளைத் தீட்டு என்று ஒதுக்கிய வழக்கமும் நமக்கும் உண்டே. ஆனாலும் வழக்கத்தின் பெயராக நிற்க அந்தச் சொல் போதவில்லை.

எனக்குப் பொருத்தமாகப் படுவது 'இற்செறிப்பு'. இல் என்றால் வீடு, செறித்தல் என்றால் அடக்கி வைத்தல். தலைவியின் காதல் தெரிந்ததும் அவளை வெளியே விடாமல் வீட்டோடு வைப்பதைச் சங்க அகப்பாடல்கள் இப்படித்தான் குறிக்கின்றன. யார் அடைக்கிறார்கள் என்ற கேள்வியும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அவளாகச் செறிவதில்லை, வீட்டார் செறிக்கிறார்கள்.

2024 டிசம்பரில் ஆப்கானிஸ்தானின் தாலிபான் அரசு, செவிலியர் படிப்பிலும் பிரசவம் பார்க்கும் பயிற்சியிலும் பெண்கள் சேரக் கூடாது என்று தடுத்தது. பெண்ணைப் பெண்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லும் நாட்டில், பார்க்கப்போகும் பெண்ணையும் படிக்க விடவில்லை. அதைத் தமிழில் எழுதும்போது 'பர்தா' என்று துணியின் பெயரைப் போடாமல் இற்செறிப்பு என்றே எழுதலாம்.