பூச்சி தின்ற எழுத்து எப்படி மீள்கிறது?

கொக்குவிலில் பெரியம்மாவின் பெட்டகத்தைத் துப்புரவாக்கியபோது இரண்டு பொருள்கள் கைக்கு வந்தன. ஒன்று அவருடைய பாட்டனாரின் சாதக ஓலை. மற்றது 2004ஆம் ஆண்டுக் கலியாணம் ஒன்றின் சீடி. ஓலையில் விளக்குக்கரியைத் தேய்த்ததும் எழுத்துத் துலங்கியது. சீடியை எந்தக் கணினியும் ஏற்கவில்லை. அதன் வெள்ளிப் பூச்சு முழுவதும் கறை படர்ந்திருந்தது.

இதை வைத்து ஓலையே உறுதியானது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நம் ஈரக் காற்றில் ஏடு சில நூற்றாண்டுகள் தாங்கினாலே பெரிது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் உதிர்ந்து முறியும் ஏடுகளோடு பட்ட பாட்டை நொந்து எழுதியிருக்கிறார். சங்கப் பாட்டு நம்மிடம் வந்து சேர்ந்தது ஏட்டின் பலத்தால் அன்று. ஒரு ஏடு சாவதற்குள் இன்னொருவர் அதைப் பார்த்து எழுதியதால்.

பார்த்து எழுதினால் பிழை வரும். போதாததற்கு, ஆணி ஏட்டைக் கிழித்துவிடும் என்று புள்ளி வைக்காமலே எழுதுவது வழக்கம். பிறகு எப்படிப் பாட்டு பிழைத்தது? முதல் குறளை எடுத்துக்கொள்வோம். ‘அகர’ என்ற சொல்லின் நடு எழுத்தைப் பூச்சி தின்றுவிட்டது. அடுத்த அடி ‘பகவன்’ என்று தொடங்குவதால், எதுகை அறிந்தவர் அங்கே ‘க’வைத் தயங்காமல் வைப்பார். ‘முதல’வில் ‘ல’வை எழுதுபவர் விட்டுவிட்டால் ‘முத’ என்று ஓரசை மிஞ்சும். ஓரசைச் சீருக்கு வெண்பாவின் கடைசியில் மட்டுமே இடம்; தவறு உடனே பிடிபடும். அந்தாதியோ இன்னும் ஒரு படி மேல்: கட்டு அவிழ்ந்து ஏடுகள் கலைந்தாலும் ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டைக் காட்டிக்கொடுக்கும். யாப்பை அழகுக்காக மட்டுமே படிப்பிக்கிறோம் என்பது என் நெடுநாள் மனக்குறை.

இதையே கணக்காகச் செய்தால் என்ன? 7, 4, 9 என்ற மூன்று எண்களைச் சுன்னாகம், கோப்பாய், சாவகச்சேரி என்று ஊருக்கு ஒன்றாக வைப்போம். அவற்றின் கூட்டுத்தொகையான 20ஐப் பருத்தித்துறையில் வைப்போம். கோப்பாய் வெள்ளத்தில் போனால், 20இலிருந்து 7ஐயும் 9ஐயும் கழிக்க 4 திரும்பி வந்துவிடும். இரண்டு ஊர்கள் போனால் ஒரு கூட்டுத்தொகை போதாது. 1960இல் இர்விங் ரீட், குஸ்தாவ் சொலமன் இருவரும் இதற்குப் பொதுவழி கண்டார்கள்: எத்தனை எண்களை மேலதிகமாகச் சேர்க்கிறோமோ, அத்தனை எண்கள் தொலைந்தாலும் மீட்கலாம். ஆனால் எண் தொலையாமல் தவறாக மாறியிருந்தால் பாதியளவே திருத்த முடியும். ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். பிழை தன் இடத்தைச் சொல்லாது. இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் எண்ணும், சரியான மதிப்பைக் கண்டுபிடிக்க இன்னோர் எண்ணும் செலவாகின்றன.

பெரியம்மாவின் சீடியிலும் இந்தக் கணக்கு உண்டு. தடத்தின் வழியே ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் நீளத்துக்குக் கீறல் விழுந்தாலும் அது சமாளிக்கும். தட்டு முழுவதும் கறை பிடித்தால் எந்தக் கணக்கும் உதவாது. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் வரும் கேடு இதுதான். 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றுள் அச்சேறி வேறு ஊர்களுக்கும் போயிருந்தவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. வேறு பிரதி இல்லாத சுவடிகள் போனது போனதுதான்.

நாகரிகமே குலைந்தாலும் அறிவு மிஞ்ச வேண்டும் என்று எண்ணுபவர்கள் ஊர் விட்டு ஊர் மட்டுமல்ல, துருவத்துக்கே போகிறார்கள். நோர்வேயின் சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தில், உறைநிலத்துக்குள் இருக்கும் பழைய நிலக்கரிச் சுரங்கத்தில், 2020இல் 186 படச்சுருள்களை வைத்தார்கள். உள்ளே உலகெங்கும் எழுதப்பட்ட திறந்த மென்பொருள்கள், கியூஆர் குறிபோன்ற புள்ளிக் கட்டங்களாக. புள்ளிகளை எப்படிப் படிப்பது என்ற வழிகாட்டி மட்டும் வெறும் எழுத்தாகவே இருக்கிறது. ஒளியும் உருப்பெருக்கியும் போதும். ஆங்கிலம், அரபு, ஸ்பானியம், சீனம், இந்தி என்று ஐந்து மொழிகள். தமிழ் இல்லை.

ஓலையைப் படமெடுத்துத் தொரன்ரோவில் இருக்கும் மச்சாளுக்கும் கொழும்பில் இருக்கும் தம்பிக்கும் அனுப்பிவிட்டேன். சீடிக்கு, மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு பிரதி இருக்கிறதா என்று பெரியம்மா கேட்டிருக்கிறார். தேடிப் பார்க்கிறார்களாம்.