தொலைக்காட்சி நாடகம், சுயாதீனத் திரைப்படம்: சொல் விளக்கம்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை வட்டாரங்களிலிருந்து காட்சித் தொடர்பியலோ ஊடகவியலோ படிக்கச் செல்லும் மாணவர்களின் குறிப்பேடுகளில் இரண்டு கலைச்சொற்கள் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன: டெலிவிஷன் டிராமா, இண்டிபெண்டன்ட் ஃபிலிம். முதலாவதைச் ‘சீரியல்’ என்றும் இரண்டாவதைச் ‘சுதந்திரத் திரைப்படம்’ என்றும் எழுதிவிட்டுப் பலர் நகர்ந்துவிடுகின்றனர். இரண்டும் பொருளைக் கோணலாக்குகின்றன. அவற்றுக்கு நிகரான சொற்கள் காவிரிப் படுகையின் வீடுகளிலும் கோயிற் கல்வெட்டிலும் நிலப்பத்திரங்களிலும் ஏற்கெனவே வழங்கி வருவதால், புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவையே இங்கு எழவில்லை.

‘டிராமா’ என்பது ‘செய்தல்’ என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் செய்து காட்டுவது என்பதே அதன் அடிப்படைப் பொருள். ‘நாடகம்’ ஆடுதல், நடித்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்த சொல்லாயினும், தமிழில் அதன் வாழ்வு மிகப் பழையது. தொல்காப்பியமே ‘நாடக வழக்கு’, ‘உலகியல் வழக்கு’ என இரண்டைச் சொல்லிப் புனைவுக்கும் நடைமுறைக்கும் இடையிலான உறவைப் பேசுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இரண்டாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு, வைகாசித் திருவிழாவில் ‘இராசராசேசுவர நாடகம்’ ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளக்க ஆணையிடுகிறது. நாடகம் என்னும் சொல்லும் அதற்கு நிதியளிப்பவர் யார் என்னும் கேள்வியும் 11ஆம் நூற்றாண்டிலேயே ஒரே கல்லில் இடம்பெற்றிருப்பதை ஊடக மாணவர் கருத்திற்கொள்வது நல்லது.

‘தொலைக்காட்சி’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிரேக்க முன்னொட்டையும் இலத்தீனப் பெயரையும் இணைத்து ஆக்கிய சொல்லை இந்தி ‘தூரதர்ஷன்’ என்றும் தமிழ் ‘தொலைக்காட்சி’ என்றும் பொருள் பிசகாமல் எடுத்துக்கொண்டன. இந்தியாவில் தொலைக்காட்சி 1959இல் தில்லியில் தொடங்கிச் சென்னைக்கு 1975இல் வந்தது. இலங்கையில் 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாகினியை நாகை, வேதாரண்யம் கடற்கரை வீடுகள் உயர்ந்த ஆன்டெனாவின் துணையால் பார்த்ததும் உண்டு. சென்னைத் தொலைக்காட்சி செவ்வாய்க்கிழமைகளில் ஒளிபரப்பிய நாடகங்கள் பெரும்பாலும் மேடையின் வடிவத்தைத் தழுவியவை. ஆகவே அவற்றை மக்கள் நாடகம் என்றே அழைத்தனர். பின்னர் வாரத் தொடர்களும், 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின் நாள்தோறும் நீளும் தொடர்களும் வந்தபோதும் அந்தப் பெயர் மாறவில்லை. இன்றும் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மாலையில் ஒரு வீட்டிற்குச் சென்றால், “அத்தை நாடகம் பாத்துக்கிட்டிருக்காங்க” என்றே சொல்வார்கள். படித்த பிள்ளைகள் அதைத் திருத்திச் ‘சீரியல்’ என்கின்றனர். திருத்தத் தேவையில்லை. டெலிவிஷன் டிராமா என்னும் பேரினத்துக்கு ‘தொலைக்காட்சி நாடகம்’ என்பதே நேர்ச்சொல்; சீரியல் அதன் வகைகளுள் ஒன்று மட்டுமே.

அந்த வகைக்கு உரிய தமிழ்ச்சொல் ‘தொடர்’. ‘சீரியல்’ என்பதன் மூலமான இலத்தீனச் சொல் கோத்தல், இணைத்தல் என்னும் பொருளுடையது. தமிழிலும் பூவைத் தொடுப்பது, செய்யுளில் தொடை அமைப்பது, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்வது ஆகியவை ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. சங்க இலக்கியத்தில் ‘தொடர்’ சங்கிலியையும் குறித்தது. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, சங்கிலியால் கட்டப்பட்ட நாயைத் ‘தொடர்ப்படு ஞமலி’ என்கிறான் (புறநானூறு 74). அந்தக் குடவாயில் இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் குடவாசல். பிற்கால அணியிலக்கணம் நெடிய கதை நூல்களைத் ‘தொடர்நிலைச் செய்யுள்’ என வகுத்தது. 20ஆம் நூற்றாண்டு இதழ்கள் ‘தொடர்கதை’யை வளர்த்தன. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, சோழநாட்டுக் கதையை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதி, அடுத்த இதழுக்காக வாசகரைக் காத்திருக்க வைத்ததும் இந்த வடிவத்தில்தான். தொலைக்காட்சித் தொடரின் இறுதியில் தோன்றும் ‘தொடரும்’ என்னும் எழுத்து இதழ்களிலிருந்து வந்தது.

பாடத்துக்கு இன்னொரு நுட்பமும் வேண்டும். பிரிட்டானிய ஊடகக் கல்வி, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கதை முடிந்து பாத்திரங்கள் மட்டும் நீடிக்கும் ‘சீரிஸ்’ வடிவத்தையும், ஒரே கதை பகுதிதோறும் நீளும் ‘சீரியல்’ வடிவத்தையும் வேறுபடுத்துகிறது. தமிழில் இரண்டையும் தொடர் என்றே சொல்லிவிடுகிறோம். முன்னதைத் ‘தனிக்கதைத் தொடர்’ என்றும் பின்னதைத் ‘தொடர்கதை நாடகம்’ என்றும் எழுதினால் குழப்பம் நீங்கும். ‘சோப் ஓபரா’ என்னும் பெயர், 1930களில் அமெரிக்க வானொலி நாடகங்களுக்குச் சோப்பு நிறுவனங்கள் விளம்பரப் பணம் அளித்ததால் எழுந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் பயனில்லை, ‘நெடுந்தொடர்’ என்பதே போதும்.

‘இண்டிபெண்டன்ட் ஃபிலிம்’ இவற்றைவிடக் கடினமானது. ‘டிபெண்ட்’ என்பதன் இலத்தீன வேர் ‘ஒன்றிலிருந்து தொங்குதல்’; எதிலும் தொங்காதது என்பதே எதிர்மறை வடிவத்தின் பொருள். ஆகவே இந்தச் சொல்லைக் கேட்டவுடன் எழ வேண்டிய கேள்வி, எதில் தொங்காமல் என்பதே. அமெரிக்காவில் அதற்கு விடை தெளிவாக இருந்தது. படம் எடுப்பது, அதை விநியோகிப்பது, அதைக் காட்டும் திரையரங்குகளை வைத்திருப்பது ஆகிய மூன்றையும் பெரிய ஸ்டூடியோக்கள் தம் கையில் வைத்திருந்தன. அந்தப் பிடியிலிருந்து விலகவே சாப்ளினும் வேறு மூன்று திரைக்கலைஞர்களும் 1919இல் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே ஸ்டூடியோக்களைத் திரையரங்கு உடைமையிலிருந்து பிரித்தது. ஆக, இந்தச் சொல் படத்தின் கதையையோ நடையையோ குறிக்கவில்லை. படம் யார் வசத்தில் இருக்கிறது என்பதையே குறிக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ‘சுதந்திரத் திரைப்படம்’ விடுதலைப் போராட்டப் படம் என்ற மயக்கத்தைத் தரும். ‘சார்பற்ற திரைப்படம்’ நடுநிலையான படம் என்று பொருள்படும். ‘மாற்று சினிமா’ உள்ளடக்கத்தின் இயல்பைச் சொல்லும் வேறொரு கருத்து. இதழ்களில் பரவலாக வழங்கும் ‘சுயாதீனத் திரைப்படம்’ என்பதே பொருந்துகிறது. ஆதீனம் என்றால் இந்தப் பகுதியில் திருவாவடுதுறையும் தருமபுரமுமே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அச்சொல்லின் பழம்பொருள் வசம், உரிமை, ஆளுகை. பிறர் வசம் பராதீனம். தன் வசம் சுவாதீனம்; அதே பொருளில் வழங்கும் வடிவமே சுயாதீனம். வயலை விற்பவர் பத்திரத்தில், நிலத்தை இன்று வாங்குபவரின் சுவாதீனத்தில் விட்டுவிட்டதாக எழுதிக் கொடுக்கும்போது நாம் காண்பதும் இதே சொல்லைத்தான். பணம் யாருடையதாக இருந்தாலும் முடிவெடுக்கும் உரிமை படைப்பாளியின் வசத்தில் இருப்பதே சுயாதீனத் திரைப்படம் என்று வரையறுத்தால், படுகை மாணவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

தனித்தமிழை விரும்புவோர் ‘தற்சார்புத் திரைப்படம்’ என்கின்றனர். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், உழவர் விதையையும் எருவையும் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று பேசியதால் தற்சார்பு என்னும் சொல் இந்த மண்ணில் உயிருடன் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் இங்கே அது முழுமையாகப் பொருந்தவில்லை. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் தம் ‘அம்ம அறியான்’ (1986) படத்தை, ஒடேசா என்னும் திரைப்படக் குழுவினருடன் ஊர்தோறும் மக்களிடம் நன்கொடை திரட்டி எடுத்தார். பணம் வெளியிலிருந்து வந்தது; படம் எந்த முதலாளியின் வசத்திலும் இல்லை. அதைத் தற்சார்பு எனல் அரிது, சுயாதீனம் எனல் எளிது. சொந்தச் சேமிப்பில் எடுக்கப்பட்ட சிறு படங்களை மட்டும் தற்சார்புத் திரைப்படம் எனலாம்.

தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதும்போது விநியோகத்தை விட்டுவிடக் கூடாது. திரைத்துறை திருச்சி, தஞ்சாவூர்ப் பகுதியை ‘டி.டி. ஏரியா’ என்று பெயரிட்டு விநியோக உரிமையைத் தனியாக விற்கிறது. அந்த உரிமையை வாங்க ஆளில்லாத படம், எவ்வளவு சுயாதீனமாக எடுக்கப்பட்டிருந்தாலும், பட்டுக்கோட்டைத் திரையரங்குக்கு வந்து சேராது. 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் புலி விருதைப் பெற்ற ‘கூழாங்கல்’ படத்துக்கும் பெயர் பெற்ற திரைக்கலைஞர்களின் நிறுவனம் ஒன்று துணை நின்றது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர், சுயாதீனம் என்னும் சொல்லைப் படத்தின் மேல் ஒட்டுமொத்தமாகப் பொருத்தாமல், நிதி, படப்பிடிப்பு, படத்தொகுப்பு, வெளியீடு ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் உரிமை யார் வசத்தில் இருந்தது என்று பிரித்து எழுத வேண்டும்.