மூக்கு தெளிவு, கண் மங்கல்: நாய்ப் படமும் லென்ஸின் இரண்டு ஜன்னல்களும்

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் கன்னி நாய் வளர்க்கிறார். முதல் கேமராவாக கேனான் 1500டி வாங்கியிருக்கிறார், கூடவே வரும் 18-55 கிட் லென்ஸோடு. நாய் உட்கார்ந்திருக்கும்போது எடுத்தால் மூக்கு பளிச்சென்று விழுகிறது, கண் மங்கிவிடுகிறது. ஓடும்போது எடுத்தால் ஒன்றுகூடத் தேறுவதில்லை. “அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்? படம் எடுத்தால் நாய்க்கு ஆகாது என்று அம்மா வேறு சொல்கிறார்” என்று கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் 50 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸின் திறப்பு அகலமாகும்). பணம் சேர்ந்ததும் 55-250 ஜூம். நிக்கான் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். டி3500, டி5600 போன்ற கேமரா உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் வளையத்தைத் திருக வேண்டியிருக்கும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள 1.8ஜி-யை வாங்குங்கள். பழைய லென்ஸ் எதுவானாலும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பூஞ்சை படிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆனால் புது லென்ஸ் மாட்டியதும் மூக்குப் பிரச்சினை தீர்ந்துவிடாது. இன்னும் மோசமாகும். கன்னிக்கு நீள முகம். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையே 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 1500டி-யில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் முழுக்கத் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், தெளிவாக விழும் பகுதியின் ஆழம் சுமார் இரண்டரை செ.மீ.தான். அதையே எஃப் 4-க்குச் சுருக்கி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஆழம் 23 செ.மீ. ஆகிறது. மூக்கும் கண்ணும் இரண்டுமே அதற்குள் அடங்கிவிடும். தள்ளி நிற்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பக்கத்தில் போய் எடுத்தால் மூக்கு பூதாகாரமாகவும் காது சிறுத்தும் தெரியும். அதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, தூரம்.

சரி, மூக்கில் நிற்க வேண்டுமா கண்ணில் நிற்க வேண்டுமா என்பதைக் கேமரா எப்படி முடிவு செய்கிறது? இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவு அவசரமாக எழுதினேன்.

வீட்டில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் எடுங்கள். பகலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரருகே நின்று, ஜன்னலின் பிம்பத்தைச் சுவரில் விழவையுங்கள். தெளிவானதும் கண்ணாடியைச் சற்றே நகர்த்தி, பிம்பத்தைக் கொஞ்சம் கலங்க விடுங்கள். இப்போது ஒரு அட்டையால் பூதக்கண்ணாடியின் இடப் பாதியை மூடுங்கள். பிறகு அதை எடுத்து வலப் பாதியை மூடுங்கள். மாற்றி மாற்றி மூட, சுவரில் இருக்கும் ஜன்னல் இடமும் வலமுமாகக் குதிக்கும். மறுபடி பிம்பத்தைத் தெளிவாக்கிவிட்டு அதே போல மூடிப் பாருங்கள். வெளிச்சம் குறையும், ஆனால் ஜன்னல் அசையாது.

நான் முதல்முறை இதைப் பார்த்தபோது அட்டையை எத்தனை தடவை மாற்றி மாற்றி மூடினேன் என்று நினைவில்லை. லென்ஸின் இடப்பக்கம் வழியாக வரும் ஒளியும் வலப்பக்கம் வழியாக வரும் ஒளியும் சரியான ஃபோகஸில்தான் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. சுவர் அந்த இடத்துக்கு முன்னால் இருந்தால் பிம்பம் ஒரு பக்கம் குதிக்கும். பின்னால் இருந்தால் எதிர்ப்பக்கம். எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு தூரம் குதிக்கும். ஆக, அந்தக் குதிப்பை ஒரே ஒருமுறை அளந்தால் போதும், லென்ஸை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

1500டி போன்ற, உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமரா செய்வது இதைத்தான். நாம் வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னலில்) பார்ப்பதற்காகச் சாய்ந்து நிற்கும் பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி, விழும் ஒளியில் கொஞ்சத்தைப் பின்னால் கசிய விடும். பின்னால் ஒளிந்திருக்கும் குட்டிக் கண்ணாடி அதைக் கேமராவின் அடித்தளத்துக்குத் திருப்பும். அங்கே ஜோடி ஜோடியாகச் சின்னஞ்சிறு லென்ஸுகள். ஜோடியில் ஒன்று பெரிய லென்ஸின் ஒரு ஓரத்தையும் மற்றது எதிர் ஓரத்தையும் பார்க்கும். இரண்டுக்கும் கீழே ஒளி உணரிகள் வரிசையாக இருக்கும். இரண்டு வரிசைகளில் விழுந்த பிம்பங்களுக்கு இடையிலான தூரத்தைக் கேமரா அளக்கிறது. ஃபேஸ் டிடெக்‌ஷன் என்று கடைக்காரர்கள் சொல்வது இதுதான். 1500டி-யில் பின்திரையைப் பார்த்து எடுத்தால் வழக்கமாக இந்த வசதி வேலை செய்யாது. முன்னே போய், பின்னே வந்து, எங்கே தெளிவு என்று தேடிக்கொண்டிருக்கும். நாய்க்கு அவ்வளவு பொறுமை கிடையாது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்தே எடுங்கள்.

இந்த எண்ணம் புதிதல்ல. கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1619-ல் வெளியிட்ட நூலிலேயே, அட்டையில் நெருக்கமாக இரண்டு ஊசித்துளைகள் போட்டு அதன் வழியே ஓர் ஊசியைப் பார்க்கும் சோதனை இருக்கிறது. கண் ஊசியில் ஃபோகஸ் ஆகாவிட்டால் ஊசி இரண்டாகத் தெரியும். மூன்றரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவின் ஹனிவெல் ஆய்வுக்கூடம் தானியங்கி ஃபோகஸுக்குக் காப்புரிமைகள் வாங்கியது. 1985-ல் மினோல்டா 7000 வந்த பிறகுதான் மோட்டார் உடலுக்குள் அமைந்த தானியங்கி ஃபோகஸ் எஸ்எல்ஆர் சாதாரண மக்கள் கைக்கு வந்தது. 1992-ல் ஹனிவெல் தொடுத்த வழக்கு தீர்ந்தபோது மினோல்டா கொடுத்த தொகை 12 கோடி டாலருக்கும் மேல். நம் பள்ளி ஆய்வகங்களில் குவிலென்ஸும் மெழுகுவர்த்தியும் இருக்கின்றன. பொருள் தூரம், பிம்ப தூரம் என்று அட்டவணை போட்டுக் கையெழுத்து வாங்கியதோடு பாடம் முடிந்துவிடுகிறது. லென்ஸின் பாதியை மூடிப் பார் என்று என்னிடம் எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. கூடுதல் செலவு ஒரு அட்டைதான். ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும்போது பள்ளி ஆய்வகத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லென்ஸ் விஷயத்துக்கு வருவோம். 1.8 லென்ஸ் அகலமானது, அதனால் ஃபோகஸ் வேகமாகும் என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியல்ல. கேமராவின் அடித்தளத்தில் உள்ள உணரிகள் லென்ஸின் முழு அகலத்தையும் பார்ப்பதில்லை, எஃப் 5.6 வட்டத்துக்குள் அடங்கும் இரண்டு ஜன்னல்கள் வழியாக மட்டுமே எட்டிப் பார்க்கின்றன. அதற்கு வெளியே லென்ஸ் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அவற்றுக்கு உபயோகமில்லை. சில கேமராக்களின் நடுப்புள்ளியில் எஃப் 2.8 வட்டத்தின் ஓரம் வரை பார்க்கும் கூடுதல் உணரி இருக்கும். ஜன்னல்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் அதற்குத் துல்லியம் அதிகம். மாறாக, எஃப் 5.6 ஜூமுக்கும் கேமராவுக்கும் இடையே, குவியத் தூரத்தை இரட்டிப்பாக்கும் டெலிகன்வெர்ட்டரை மாட்டினால் அது எஃப் 11 ஆகிவிடும். ஜன்னல் அடைபடும், ஃபோகஸ் நின்றுபோகும். அப்படியானால் 1.8 எதற்கு? ஒளிக்கு. எஃப் 5.6-ஐவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளி உள்ளே வருகிறது. திண்ணை நிழலில் 1/50 நொடி தேவைப்பட்ட இடத்தில் 1/500 போதும். வாலாட்டுவதுகூட உறைந்து நிற்கும்.

ஓடும் நாய்க்கு வருவோம். கன்னி வேட்டை நாய். மணிக்கு 36 கி.மீ. என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 10 மீட்டர். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழுந்து, ஷட்டர் திறக்க ஏறக்குறைய 0.1 நொடி ஆகிறது. அதற்குள் நாய் ஒரு மீட்டர் வந்துவிடும். 250 மி.மீ., எஃப் 5.6, பத்து மீட்டர் தூரம் என்றால் தெளிவின் ஆழம் மொத்தமே 34 செ.மீ.! அந்த 0.1 நொடியில், குட்டிக் கண்ணாடியும் மடங்கிவிடுவதால், ஃபோகஸ் உணரிக்கு ஒளியே வராது. படம் பதியும் கணத்தில் கேமராவுக்குத் தூரம் தெரியாது.

அதனால் கணிக்கிறது. கேனானில் ஏஐ சர்வோ என்ற ஃபோகஸ் முறையில் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்திருந்தால், நாய் எங்கே, அடுத்து எங்கே, அதற்கடுத்து எங்கே என்று தொடர்ந்து அளந்து, ஷட்டர் திறக்கும் கணத்தில் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு, நாய் இன்னும் வந்து சேராத இடத்துக்கு லென்ஸை முன்கூட்டியே நகர்த்தி வைக்கிறது. நிக்கானில் இதன் பெயர் ஏஎஃப்-சி. நாய் சட்டென்று திரும்பினால் கணக்கு தப்பும். எனவே நேர்கோட்டில் ஓடிவரும்படி தரையோடு தரையாக உட்கார்ந்து கூப்பிடுங்கள். அழுத்தும் முன் ஒரு நொடியாவது கேமரா நாயைத் தொடரட்டும். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறைய வேண்டாம்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். எப்படியும் வெயில் நாயின் மேல் பட்டுத் தெறித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதில் கொஞ்சம் லென்ஸுக்குள் போகிறது, அவ்வளவே. நாயிடமிருந்து எதுவும் எடுக்கப்படுவதில்லை. எங்கள் வீட்டிலும் பாட்டி இதையே சொல்லித் தடுத்தார். பதினோரு வருடம் எங்களோடு இருந்த மணி என்ற நாய்க்கு ஒரு படம்கூட இல்லை. அவன் இடது காது மடிந்திருக்குமா, வலதா என்று இன்று நானும் தம்பியும் ஆளுக்கொன்று சொல்கிறோம். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் கண் பச்சையாக எரியும்.

கடைசியாக ஒன்று. இரண்டு பிம்பங்களை ஒப்பிட, உணரிக்கு ஏதாவது ஒரு விளிம்பு வேண்டும். கறுத்த, வழவழப்பான உடலில் விளிம்பே இல்லை. 1500டி-யின் ஒன்பது புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே நெடுக்கும் குறுக்குமாக இரு திசையிலும் பார்க்கும். எல்லாப் புள்ளிகளையும் இயங்க விட்டால், கேமரா பெரும்பாலும் தனக்கு அருகே இருப்பதைப் பிடிக்கும். உங்கள் படங்களில் அது மூக்கு. மற்ற எட்டையும் அணைத்துவிடுங்கள். கறுப்புக் கன்னியின் இரண்டு கண்களுக்கும் மேலே பழுப்பு நிறத்தில் ஒவ்வொரு பொட்டு இருக்கும். கறுப்பும் பழுப்பும் சேரும் அந்தக் கோட்டில் நடுப்புள்ளியை வையுங்கள்.