"வூட்ல தானே இருக்கான்!"

"வூட்ல தானே இருக்கான், ரெண்டு கொடம் தண்ணி புடிச்சுக் குடுத்தா கொறஞ்சா பூடுவான்? நீங்களே கேளுங்க டாக்டர்."

அம்மா பேசிக்கொண்டே இருந்தார். மகன் பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். 27 வயது, வியாசர்பாடியில் வீடு, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கோடு வீட்டுக்கு வந்த லேப்டாப் திரும்பிப் போகவே இல்லை. சரியாகத் தூங்குவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் என்பதுதான் புகார். (நான் டாக்டர் இல்லை, உளவியல் ஆலோசகர். பெரம்பூரில் இத்தனை வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன், யாரும் காதில் வாங்குவதாயில்லை. வருகிறவர்களின் அடையாளத்தை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

அவன் இன்ட்ரோவர்ட், அதாவது உள்முக சுபாவம். அம்மாவின் அகராதியில் உம்மணாமூஞ்சி. இப்படிப்பட்டவனுக்கு வீட்டிலிருந்தே வேலை என்றால் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன், அவன் என் நோட்டை வாங்கி வீட்டை வரைந்து காட்டும் வரை. ஒரு ஹால், ஒரு சமையலறை, ஐந்து பேர். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுதான் ஆபீஸ். ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ வாட்டர் அடிபம்பு. குடம் வைப்பதில் தகராறு, எதிர்வீட்டு டிவி, தெருவில் சாவு விழுந்தால் நாள் முழுக்க மேளம். மீட்டிங்கில் மியூட்டை எடுக்கவே அவனுக்குப் பயம். மற்ற நேரத்தில் காதில் ஹெட்செட் மாட்டியிருந்தால், பாட்டு கேட்கிறான் என்று நினைத்து தங்கை தட்டிக் கூப்பிடுவாள்.

"முன்னாடில்லாம் எப்போப்பா நிம்மதியா இருப்ப?"

யோசிக்கவே இல்லை. "ட்ரெயின்ல மேடம்."

வியாசர்பாடி ஜீவாவில் ஏறி சென்ட்ரல், ரோட்டைக் கடந்து பார்க் டவுன், அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர். நெரிசலில் நசுங்கினாலும் அங்கே யாரும் அவனிடம் பேச மாட்டார்கள். அவனை யாருக்கும் தெரியாது. திரும்பும்போது ஜன்னலோர சீட் கிடைத்தால் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்துக்கொண்டே வருவானாம். 'அந்தக் கால்வாயில் என்னப்பா இருக்கு பார்க்க?' என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவனுக்கென்று இருந்த ஒரே தனியறை அந்த ரயில்தான். வீட்டிலிருந்து வேலை அதைப் பிடுங்கிக்கொண்டது.

உள்முகம், வெளிமுகம் என்ற பிரிவை 1921-ல் எழுதிப் பரப்பியவர் மனநல மருத்துவர் கார்ல் யுங். பிறகு வந்த உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க், உள்முகத்தவரின் மூளை இயல்பிலேயே சற்று அதிக விழிப்பில் இருக்கிறது, அதனால்தான் வெளிச்சத்தமும் கூட்டமும் சீக்கிரம் திகட்டுகிறது என்றார். நாக்கில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, யாருக்கு எச்சில் அதிகம் ஊறுகிறது என்றுகூடச் சோதித்தார்கள். உள்முகத்தவருக்கு அதிகம் ஊறியது. அவர் கோட்பாடு முழுவதையும் இன்று அப்படியே யாரும் ஏற்பதில்லை. ஆனால் 'திகட்டல்' என்ற சொல் எனக்கு மிகவும் உதவுகிறது. நெய் ருசித்தாலும் ஒரு அளவுக்கு மேல் இறங்காது. வீட்டு மனிதர்கள் மீது பாசம் இல்லாமல் போய்விட்டதென்று அர்த்தமில்லை. அம்மாவிடம் இப்படிச் சொன்னபோதுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் லுங்கியை மாற்றிச் சட்டை பேண்ட் போட்டு, 'ஆபீசுக்கு' கிளம்ப வேண்டும். பெரம்பூர் மேம்பாலத்தடியில் முரசொலி மாறன் பூங்காவில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பி லேப்டாப்பைத் திறப்பது. சாயங்காலமும் அதேபோல் ஒரு நடை. மீட்டிங் என்றால் நாற்காலி முதுகில் சிவப்புத் துண்டு. துண்டு கிடந்தால் வீடு பற்றி எரிந்தால் மட்டும் கூப்பிடலாம். தண்ணீர் பிடிப்பது அவன் பொறுப்புதான், ஆனால் நேரம் காலை ஆறு. திரையில் தன் முகம் தனக்கே தெரிகிற வசதியை அணைக்கச் சொன்னேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் வீடியோ கூட்டங்கள் தரும் அயர்ச்சிக்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. யோசித்துப் பாருங்கள், நாள் முழுக்க யாரோ முகத்துக்கு நேரே கண்ணாடி பிடித்துக்கொண்டே பின்னால் வந்தால் எப்படி இருக்கும்?

தூக்கம் திரும்ப ஏழெட்டு வாரம் ஆயிற்று. எரிச்சல் இன்னும் இருக்கிறது, தங்கையிடம் மட்டும்.

இன்னொரு பெண். கொளத்தூர், சொந்த வீடு, தனி அறை, ஏசி. "நான் இன்ட்ரோவர்ட் மேடம், எனக்கு வீடுதான் செட் ஆகும்" என்றுதான் ஆரம்பித்தாள். கம்பெனி வாரம் இரண்டு நாள் ஆபீஸ் வரச் சொன்னதிலிருந்து அந்த நாட்களில் காலையில் வாந்தி, படபடப்பு. நடுநடுவே மற்றவையும் வெளியே வந்தன. மளிகை, காய்கறி எல்லாம் ஆப்பில்தான். டெலிவரி பையன் பெல் அடித்தால் அவன் போகும்வரை காத்திருந்து கதவைத் திறப்பாள். சித்தி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை, வேலை என்று சொல்லிவிட்டாள்.

இப்படி வருகிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். "அங்க யாருமே உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்கன்னு நான் எழுதிக் குடுத்தா, போவீங்களா?" இன்ட்ரோவர்ட் என்றால் பெரும்பாலும், "போலாம், ஆனா எதுக்கு?" என்று சலித்துக்கொள்வார்கள். இவள் அழுதுவிட்டாள். "போவேன் மேடம்."

இது சுபாவம் இல்லை, சமூகப் பதற்றம், யார் என்ன நினைப்பார்களோ என்ற பயம். இதற்குச் சிகிச்சை உண்டு, நன்றாகவே பலன் தரும். ஆனால் வீட்டிலிருந்து வேலை இதை வருடக்கணக்கில் மூடி வைத்துவிடுகிறது. பயப்படுகிற இடத்துக்குப் போகாமல் தப்பும் ஒவ்வொரு முறையும் அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் அடுத்த முறை பயத்தை இன்னும் பெரிதாக்கும். 'இன்ட்ரோவர்ட்' என்ற சொல் இப்போது எல்லோர் வாயிலும் புழங்குவதால், இப்படிப்பட்டவர்களுக்கு அது ஒரு நல்ல போர்வையாகிவிட்டது. இந்தப் போர்வைக்குள் நாமும் இருக்கிறோமோ என்று தோன்றினால், ஆலோசகர் யாரையும் தெரியாவிட்டாலும் 14416-க்கு அழைக்கலாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். போனில் பேசவே பயமாக இருக்கிறது என்றால் அதையே முதல் வரியாகச் சொல்லுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அவளை நேராக ஆபீசுக்கு அனுப்பவில்லை. முதல் வாரம் தெருமுனைக் கடையில் கொத்தமல்லி வாங்க வேண்டும், கறிவேப்பிலை கொசுறு வாய்விட்டுக் கேட்க வேண்டும். இரண்டு நாள் கடை வரை போய்த் திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள், கடைக்காரர் ஒரு கொத்தை எடுத்துப் பையில் போட்டார், அவ்வளவுதான். அடுத்து, 2024-ல் கொளத்தூரில் திறந்தார்களே முதல்வர் படைப்பகம் என்ற பொதுப் பணியிடம், அங்கே லேப்டாப்போடு போய் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே சில மணி நேரம் வேலை. ஆபீஸ் அதற்குப் பிறகுதான்.

ஐந்தாவது வாரம் வந்தவள் உட்காரும்போதே குறைப்பட்டுக்கொண்டாள். "அந்தக் கடைக்காரர் இருக்காரே மேடம், இப்பல்லாம் விடவே மாட்டேங்கறார். பொண்ணு காலேஜ், மழைத்தண்ணி, வெலைவாசின்னு பேசிட்டே இருக்கார். செம போர்."

பயமா இருந்துச்சா என்று கேட்டேன்.

"இல்ல மேடம், போர்தான். எப்படி கழட்டிவிடறதுன்னு சொல்லுங்க."