இந்தப் பேட்டர்ன் யார் போட்டது?

பெங்களூரு அல்சூரில் நான் எடுக்கும் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) வகுப்புக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் நூல் உருண்டையோடு வருவதில்லை. போனில் ஒரு படத்தோடு வருகிறார்கள். “அக்கா, இதைப் போடணும்.” படத்தைப் பார்த்துவிட்டு நான் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பேட்டர்ன், அதாவது போடும் முறையைச் சொல்லும் குறிப்பு, யார் போட்டது? “தெரியலையே அக்கா, குரூப்ல வந்துச்சு” என்பதுதான் அநேகமாகப் பதில்.

தெரியாமல் இருப்பதில் முன்பு பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து போட்ட பொம்மையைத்தான் படம் எடுத்திருப்பார்கள். பேட்டர்ன் கிடைத்தால் நாமும் போட்டுவிடலாம். கடந்த சில வருடங்களில் அந்த நிலைமை மாறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுத்த பொம்மைப் படம், அதற்கு அதே இயந்திரம் எழுதிக் கொடுத்த பேட்டர்ன். ஒருவர்கூடக் கையில் ஊசி பிடித்துப் போட்டுப் பார்க்காத சரக்கு. அதை விலை வைத்து விற்கவும் செய்கிறார்கள்.

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் இப்படித்தான் காசு கொடுத்து வாங்கிய மயில் பேட்டர்னை வகுப்புக்குக் கொண்டுவந்தார். தோகை கண்ணைப் பறித்தது. போனில் பெரிதாக்கிப் பார்த்தால் கதை வேறு. குரோஷேயில் ஊசியால் நூலை இழுத்துப் போடும் ஒவ்வொரு கண்ணியும் ஒரு சின்ன ‘வி’ போலத் தெரியும். நூலை எடுக்கும் விதத்தைப் பொறுத்துச் சிலருக்கு ‘எக்ஸ்’ போல வரும். எது வந்தாலும் சுற்றுச் சுற்றாக வரிசை பிடித்துப் போகும். இந்த மயிலின் கழுத்தில் வரிசை இருந்தது, வயிற்றுக்கு வரும்போது கண்ணிகள் கரைந்து பஞ்சு மாதிரி ஆகிவிட்டன. தோகையில் ஒரு இறகு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. பாதி போட்ட நிலையில் ஒரு படம், பின்பக்கத்துப் படம், எதுவும் கிடையாது.

எழுத்தைப் பார்த்தோம். முதல் மூன்று சுற்று சரி. நாலாவது இப்படி இருந்தது: “சுற்று 4: (2 சிங்கிள், 1 இன்கிரீஸ்) × 6 = 30.” இதைச் சரிபார்க்கக் குரோஷேகூடத் தெரிய வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும். பொம்மைத் தலை பெரும்பாலும் 6 கண்ணியில் தொடங்கும். சுற்றுக்கு 6 கூடிக்கொண்டே போகும்: 6, 12, 18, 24, 30, 36. மூன்றாவது சுற்று முடியும்போது கையில் 18 இருக்கிறது. நாலாவதில் இரண்டு கண்ணியில் ஒவ்வொரு சிங்கிள், அதாவது சாதாரணக் கண்ணி; மூன்றாவதில் இன்கிரீஸ், அதாவது ஒரே கண்ணியில் இரண்டு. ஆக, மூன்று நாலாகிறது. அதை ஆறு தடவை செய்தால் 24. காகிதம் 30 என்கிறது. அந்தப் பெண் இதைத் தன் கைத்தவறு என்று நினைத்துப் பிரித்துப் பிரித்துப் போட்டிருக்கிறார்! புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் எப்போதும் தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள். இந்தப் போலிகள் செய்யும் பெரிய கெடுதல் அதுதான் என்பேன். போன காசைவிட, ‘எனக்கு இது வராது’ என்று ஊசியைத் தூக்கி வைத்துவிடுகிறார்களே, அந்த நஷ்டம் பெரிது.

கணக்கு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கண்ணியைக் கூட்டும் வேகம் அதிகமானால் வட்டம் தட்டையாக நிற்காமல் கொசுவம் போல மடிந்து சுருளும். அந்தச் சுருளலையே வேண்டுமென்று வரவழைத்து, 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெய்னா டைமினா என்ற லாட்வியக் கணிதவியலாளர் ஹைபர்பாலிக் தளத்தை, அதாவது எங்கும் சுருண்டு விரியும் ஒரு வகைப் பரப்பை, குரோஷேயில் போட்டுக் காட்டினார். காகிதத்தில் ஒட்டிய மாதிரிகள் கிழிந்துபோன இடத்தில் நூல் தாங்கியது. கணக்கு தப்பினால் நூல் காட்டிக் கொடுத்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, பெயர் தெரிந்த டிசைனரிடம் மட்டும் தப்பு வராதா? வரும். ஆனால் அவர்கள் பேட்டர்னை எழுதியதும் வேறு சிலரிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். நானும் சிலருக்கு அப்படிப் போட்டுக் கொடுப்பதுண்டு. கண்ணி எண்ணிக்கையைச் சரிபார்க்கத் தனி எடிட்டர் வைத்திருப்பவர்கள் உண்டு. அதையும் மீறித் தவறு வந்தால் திருத்தம் போடுவார்கள். கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார், அதுதான் வித்தியாசம். ராவெல்ரி என்று ஒரு தளம் 2007 முதல் இருக்கிறது. ஒரு பேட்டர்னை யார் யார் போட்டார்கள், எந்த நூலில் போட்டார்கள், எங்கே திணறினார்கள் என்று படத்தோடு பார்க்கலாம். முன்பின் தெரியாத ஒருவரின் சமையலறை மேசையில் அந்தப் பொம்மை கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்தபிறகு காசு கொடுங்கள்.

அடுத்து எல்லாரும் கேட்பது, “யாருடையதை நம்பிப் போடலாம்?” என் ருசியைச் சொல்கிறேன்.

பொம்மையில் எனக்கு முதலில் ஜெர்மனியின் லிடியா ட்ரெஸ்ஸெல்ட். லாலிலாலா என்ற பெயரில் போடுகிறார். அவருடைய பூச்சிகள் வெறும் பூச்சிகளாக நிற்காது. கம்பளிப்புழு வண்ணத்துப்பூச்சியாகும் உருமாற்றத்தையே பொம்மையாக்கியிருக்கிறார். குழந்தைக்குப் பாடம் சொல்லலாம். இன்னொருவர் அர்ஜென்டினாவின் யான் ஷென்கெல். பிகா பாவ் என்ற பெயரில் போடுகிறார். அவருடைய மிருகங்கள் ஒவ்வொன்றுக்கும் பெயரும் குணமும் சின்னக் கதையும் இருக்கும். ஸ்வெட்டர் போட்ட கரடியைப் போட்டு முடிக்கும்போது அது நம் வீட்டு ஆளாகிவிடும்.

போர்வையில் டெட்ரி யூஸ் போட்ட ‘சோஃபீஸ் யூனிவர்ஸ்’. தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் இருப்பவர். 2015-இல் வாரம் ஒரு பகுதியாக வெளியிட்டார், உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து போட்டார்கள். நடுவில் பூவாகத் தொடங்கி, மண்டலாவாக விரிந்து, சதுரமாகி, போர்வையாக முடியும். சுற்றுகள் நூறைத் தாண்டும். இலவசம்தான், படத்தோடு விளக்கியிருக்கிறார். சிங்கிள், டபுள் என்ற அடிப்படைக் கண்ணிகள் தவிர வேறொன்றும் தெரியாதவர்கள் பொறுமையாக இதைப் போட்டு முடித்தால், கடைசியில் தெரியாத கண்ணி என்று அதிகம் மிச்சம் இருக்காது. என்னைக் கேட்டால் வகுப்புக்கு வருவதற்குப் பதில் இதைப் போடுங்கள் என்பேன், ஆனால் என் பிழைப்பையும் பார்க்க வேண்டுமே.

வண்ணம் சேர்க்கத் தெரியவில்லை என்பவர்களுக்கு லூசி, அட்டிக்24 என்ற வலைப்பூவை எழுதுபவர். யார்க்ஷயரின் பூக்களையும் கடலையும் பார்த்து வரிவரியாகக் கோடு போட்ட போர்வைகள். வேலை எளிது, அழகு முழுக்க நிற வரிசையில் இருக்கிறது. இங்கே ஒரு பொறி உண்டு. அவர் எழுதுவது பிரிட்டிஷ் முறை. பிரிட்டிஷ் ‘டபுள்’ என்பது அமெரிக்க ‘சிங்கிள்’. பிரிட்டிஷ் ‘ட்ரெபிள்’ என்பது அமெரிக்க ‘டபுள்’. நம்மில் பெரும்பாலோர் யூட்யூபில் அமெரிக்க முறையில் கற்றவர்கள். ‘ட்ரெபிள்’ என்று இருப்பதை அமெரிக்க ட்ரெபிளாகப் போட்டால் போர்வை உயர்ந்து, தொளதொளவென்று, விரல் நுழையும் ஓட்டையோடு வரும். பேட்டர்னில் எங்காவது ‘சிங்கிள்’ என்ற சொல் கண்ணில் பட்டால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே பொதுவாக வராது. சந்தேகம் வந்தால் இதை முதலில் பாருங்கள்.

நூல் விஷயத்திலும் அவரை அப்படியே பின்பற்ற முடியாது. அவர் சொல்லும் ஸ்டைல்கிராஃப்ட் ஸ்பெஷல் டி.கே. என்ற நூல் 100 கிராமுக்கு 295 மீட்டர் வரும் அக்ரிலிக். அவென்யூ ரோடு ராஜா மார்க்கெட்டிலோ சிக்பேட்டிலோ வாங்கும்போது கிராமை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், மீட்டரைக் கேளுங்கள். அதே கனத்தில் பருத்தி எடுத்தால் 100 கிராமுக்கு மீட்டர் குறையும், உருண்டை கூடும். டிசம்பர் குளிரில் பெங்களூருவில் அக்ரிலிக் சுகம்தான். மதுரையில் இருக்கும் மாமியாருக்கு அதே போர்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பீரோவில் மடித்து வைப்பார். அங்கே பருத்தி.

அப்புறம் டோனி லிப்ஸி. அமெரிக்காவில் டுனிசியன் குரோஷேயைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர். நீள ஊசியில் ஒரு வரிசைக் கண்ணியை முழுக்க ஏற்றி, பிறகு திரும்பி வந்து இறக்க வேண்டும். துணி கெட்டியாக, நெய்தது போல வரும், ஓரம் சுருளும். சுருளுவதைச் சமாளிக்க அவரே வழி சொல்கிறார்: ஊசி அளவைக் கூட்டுவது, ஓரத்துக்கு வேறு கண்ணி, கடைசியில் நனைத்து விரித்துக் காயவைப்பது. சதுரம் சதுரமாகப் போட்டு இணைக்கப் பிடித்தால் ஆஸ்திரேலியாவின் ஷெல்லி ஹஸ்பண்ட். பொறியியல் படித்த தோழிகளுக்கு ராபின் சச்சுலா; கட்டடப் பொறியாளர், அவருடைய உடைகள் கட்டட வரைபடம் போல அளவும் குறியீடுமாக இருக்கும்.

இந்தியப் பெயர் இல்லையே என்று கேட்பீர்கள். கைகள் நம்மிடம் ஏராளம். 2016-இல் சென்னையில் சுபஶ்ரீ நடராஜன் தொடங்கிய குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வை போட்டுக் கின்னஸ் சாதனை செய்தார்கள். ஆந்திராவின் நரசாப்பூர் குரோஷே லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் போட்ட டிசைன்களில் எத்தனைக்கு, போட்டவரின் பெயர் வெளியே தெரியும்? குரோஷேயை அப்படியே போடும் இயந்திரம் இன்னும் தொழிற்சாலைக்கு வரவில்லை. மாலில் தொங்கும் அசல் குரோஷே டாப்பும் யாரோ ஒரு பெண் கையால் போட்டதுதான். விலைச்சீட்டைப் பார்க்கும்போது அவருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட்டால் எனக்கு வயிறு எரியும்.

இப்போது காசு விஷயம். ஒரு பேட்டர்ன் ஐந்நூறு, அறுநூறு ரூபாய் என்றதும், “ரெண்டு பக்கத்துக்கா?” என்கிறார்கள். பெரிய போர்வைக்கு ஒன்றரைக் கிலோ நூல் வாங்கும்போது அந்தக் கேள்வி வருவதில்லை. ஒருவர் வாங்கிய பி.டி.எஃப்-ஐ ஐம்பது பேருக்கு அனுப்புவது எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் நடக்கிறது, என் மாணவிகளின் குழுவிலும் நடந்தது, நிறுத்தச் சொன்னேன். கண்ணி யாருக்கும் சொந்தமில்லை. சதுரம் போடும் முறையும் அப்படித்தான். ஆனால் ஒருவர் எழுதிய விளக்கம், வரைந்த வரைபடம், எடுத்த படம் மூன்றும் 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வரும். இலவசப் பேட்டர்னும் அவர்களுக்குச் சும்மா இல்லை. பக்கத்தைத் திறந்தால் வரும் விளம்பரத்தில்தான் டிசைனருக்கு வருமானம். அதனால் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பாமல் லிங்க்கை அனுப்புங்கள்.

போட்டு விற்கலாமா? பல டிசைனர்கள் பெயரைக் குறிப்பிட்டுச் சிறிய அளவில் விற்க விடுகிறார்கள். பேட்டர்னின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள், இல்லையென்றால் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். குழந்தைப் பொம்மை விற்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 2020-இல் வந்த பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. விற்பதாக இருந்தால் அந்தப் பதிவைச் செய்துவிடுங்கள். கண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொம்மையில் பொருத்தும் பிளாஸ்டிக் கண்ணுக்குச் சேஃப்டி ஐ என்பது பேர்தான். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு அதை வைக்காதீர்கள். கருப்பு நூலில் தைத்துவிடுங்கள்.

இதெல்லாம் இங்கிலீஷ் படிக்கிறவர்களுக்கு, எங்களுக்கு என்ன வழி என்று வகுப்பில் ஓர் அம்மா கேட்டார். மர்பி டவுனில் இருக்கிறார், கன்னடமும் தமிழும் பேசுவார், இங்கிலீஷ் வாசிக்க வராது. ஜப்பானியப் பேட்டர்ன்கள் பெரும்பாலும் குறியீட்டு வரைபடமாகவே வரும்; முட்டை வடிவம் சங்கிலி, கூட்டல் குறி அல்லது ‘எக்ஸ்’ சிங்கிள், குறுக்குக் கோடு போட்ட ‘டி’ டபுள். பத்துப் பன்னிரண்டு குறியீடு போதும். ஷெல்லி ஹஸ்பண்டும் ராபின் சச்சுலாவும் வரைபடம் தருகிறார்கள். ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் பெரிதாக எடுத்து, முடித்த சுற்றைக் கலர் பென்சிலால் அடித்துக்கொண்டே போகச் சொன்னேன். கோலம் போட்ட கை அவருக்கு, வரைபடத்தை என்னைவிட வேகமாகப் படிக்கிறார். இப்போது அவரிடம்தான் மற்றவர்கள் சந்தேகம் கேட்கிறார்கள்.