நூறு கிலோ பைக், நூற்றெண்பது கிலோ பாரம்

கேரவனோடு ஒரு குட்டி பைக்கையும் கொண்டுபோவது அருமையான ஏற்பாடு. பெரிய வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, அது நுழையாத பாதைகளிலெல்லாம் சுற்றி வரலாம். ஆனால் பைக் தேடும்போது பலரும் முதலில் சிசியைப் பார்க்கிறார்கள். எடையைத்தான் பார்க்க வேண்டும். அந்த எடை வண்டியில் எங்கே தொங்கப்போகிறது என்பதையும் சேர்த்து.

கேரவனும் ஒரு சீசா பலகைதான். பின் சக்கரங்களை இணைக்கும் பின்னச்சு அதன் நடுத்தாங்கி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 4 மீட்டர் உள்ள ஒரு மோட்டார்ஹோம், அதாவது தன் எஞ்சினிலேயே ஓடும் கேரவன். பின்னச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி பைக் கேரியர். பைக் 100 கிலோ, கேரியர் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்றியது 120 கிலோதான். ஆனால் பின்னச்சில் 180 கிலோ கூடிவிடும், முன்னச்சில் 60 கிலோ குறைந்துவிடும். வண்டியைத் திருப்புவது முன் சக்கரங்கள்; பிரேக்கில் பெரும் பங்கும் அவற்றுக்கே. பல மோட்டார்ஹோம்களில் வண்டியை இழுப்பதும் அவைதான். அவற்றின் பிடி தளர்ந்தால் ஈரமான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின்னச்சு தன் வரம்பைத் தாண்டியிருக்கலாம். அதனால் எடைமேடையில் ஒவ்வோர் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள்.

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் என்றால் நான் இன்னும் பயப்படுவேன். வாலில் பைக்கை மாட்டினால் காரோடு இணைக்கும் கொக்கியின் மேல் இருக்க வேண்டிய அழுத்தம் குறைகிறது. அத்துடன் வண்டியின் சுழல் நிலைமமும், அதாவது சுழலத் தொடங்கவும் நிற்கவும் அது காட்டும் தயக்கமும், ஏறுகிறது. அது தூரத்தின் வர்க்கத்தில் வளரும். அச்சிலிருந்து 1 மீட்டரில் இருக்கும் பைக்கை 3 மீட்டருக்குத் தள்ளினால், அதன் பங்கு ஒன்பது மடங்கு. ஒருமுறை ஆட ஆரம்பித்த வால் எளிதில் அடங்காது. வேகம் கூடக்கூட ஆட்டமும் வலுக்கும். இந்த வகை வண்டிக்கு பைக்கை வாலில் மாட்டாமல் இழுக்கும் வாகனத்தில் ஏற்றுவதே நல்லது.

சரி, எந்த பைக்? 1981-இல் ஹோண்டா கொண்டுவந்த மோட்டோகாம்போ, கைப்பிடியை மடித்து காரின் டிக்கியில் வைக்கவே உருவானது. எடை சுமார் 45 கிலோ, ஆனால் 49 சிசி எஞ்சினின் திறன் 2.5 குதிரைத்திறன்தான். மலை ஏற்றத்தில் திணறும். ஹோண்டாவின் இன்றைய மங்க்கி, க்ரோம் (Grom) போன்ற 125 சிசி குட்டி பைக்குகள் 100 கிலோவைச் சற்றே தாண்டும். அவற்றில் ஏற்றம் சிரமமில்லை. கேரியர் தாங்கினால் என் ஓட்டு இவற்றுக்கே. விளம்பரத்தில் பெட்ரோல், ஆயில் இல்லாத எடையைப் போட்டிருக்கலாம், கவனம். மின்சார பைக் என்றால் பேட்டரியைக் கழற்றி வண்டிக்குள் அச்சுக்கு அருகே வைக்கலாம். அந்த வசதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்புறம், ஏற்றும் வேலை. 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் சாய்பலகை போட்டால், 100 கிலோ பைக்கைத் தள்ள 30 கிலோவைத் தூக்கும் அளவு பலம் போதும். பலகை 1.2 மீட்டர் என்றால் 50 கிலோ. ஏற்றியபின் பைக்கைக் கட்டும் பட்டையை இறுக்கும்போது, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் வைத்த முன் ஃபோர்க் கொஞ்சம் அமுங்கட்டும். முழுதாக அமுக்கிவிட வேண்டாம். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது ஸ்பிரிங் மேலே விரிந்து பட்டையைத் தளரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.