டிரான்ஸ்பாண்டர்: அலைமாற்றனுப்பி

‘டிரான்ஸ்மிட்டர்’ (அனுப்புவது), ‘ரெஸ்பாண்டர்’ (பதில் தருவது) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்துப் பிறந்தது டிரான்ஸ்பாண்டர். இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சொல். ரேடார் ‘நீ யார்’ என்று கேட்க, விமானத்திலிருந்த கருவி தன் அடையாளத்தைத் திருப்பி அனுப்பும். அந்தக் கருவியைப் ‘பதிலனுப்பி’ என்றால் பொருத்தம்தான். செயற்கைக்கோளில் இருப்பதோ யாருக்கும் பதில் சொல்வதில்லை. கீழிருந்து வரும் அலையை வாங்கி, அதிர்வெண்ணை மாற்றி, பெருக்கிக் கீழே விடுகிறது, அவ்வளவே. இதைச் ‘செலுத்துவாங்கி’ என்பதும் பொருந்தாது; அது பேசவும் கேட்கவும் ஒரே பெட்டியாக உள்ள டிரான்சீவருக்குத்தான் சரி. இதற்கு ‘அலைமாற்றனுப்பி’ என்றால் வேலை பெயரிலேயே தெரியும். மாடியில் டிஷ் திருப்பும்போது எல்லாரும் டிரான்ஸ்பாண்டர் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும்.

ஒரு அலைவரிசையில் கேட்டதை இன்னொன்றில் மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டரோடு இதைக் குழப்பக்கூடாது. ரிப்பீட்டரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அலைமாற்றனுப்பி ஒரு பட்டையையே மொத்தமாக நகர்த்துகிறது. அதற்குள் பலர் ஒரே நேரத்தில் பேசலாம்.

ஹாம்களுக்கென (பொழுதுபோக்காக வானொலியில் பேசுவோர்) அலைமாற்றனுப்பி ஏந்தி, வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் புவிநிலைப் பாதைக்குப் போன முதல் செயற்கைக்கோள் கத்தாரின் எஸ்ஹைல்-2. 2018 நவம்பர் 15 அன்று ஏவப்பட்டது. ஹாம் பகுதி 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஹாம்கள் வைத்த பெயர் கியூஓ-100. (சுஹைல் என்பது அரபியில் நம் அகத்திய விண்மீன்.) பேச்சுக்கான குறும்பட்டையில் 2400.0 முதல் 2400.5 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்றினால் 10489.5 முதல் 10490.0 வரை இறங்கும். வித்தியாசம் எப்போதும் 8089.5.

செயற்கைக்கோள் நிற்பது ஏறக்குறைய 25.9 பாகை கிழக்கில். வடசென்னையில் ராயபுரமோ தண்டையார்பேட்டையோ, மொட்டைமாடியிலிருந்து அது திசைக்கோணம் 261 பாகையில், கிட்டத்தட்ட நேர் மேற்கே, 27 பாகை உயரத்தில் இருக்கும். கடல் முதுகுப்பக்கம். பக்கத்து வீட்டு டிடிஎச் டிஷ் வேறு திசையில் அண்ணாந்து பார்க்கும். அதை வைத்துக் கணக்குப்போட்டால் கிடைக்காது. மேற்கே அடுக்குமாடியோ தண்ணீர்த் தொட்டியோ மறைத்தால் வேறு மாடிதான். அலையைச் சாய்வாக வாங்கும் ஆஃப்செட் டிஷ் இந்த உயரத்துக்குச் சுவர்போல நிமிர்ந்து நிற்கும். தவறென்று நினைத்துச் சாய்த்துவிடக்கூடாது.

பலர் தடுக்கி விழுவது எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் அலையை வாங்கும் தலை) திருகலில். இறங்கும் அலை செங்குத்து முனைவாக்கம் (மேலும் கீழுமாக அதிர்வது) என்று படித்துவிட்டு, எல்என்பியை நேராக வைத்து, செங்குத்தைத் தேர்ந்தெடுக்கும் 13 வோல்ட் கொடுப்பார்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில், செயற்கைக்கோளுக்கு வெகுகிழக்கே இருப்பதால் அந்தச் செங்குத்து இங்கே ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று மேற்கே பார்த்தபடி எல்என்பியை வலஞ்சுழியாக 74 பாகை திருக வேண்டும். அல்லது கிடைமட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் 18 வோல்ட் கொடுத்து இடஞ்சுழியாக 16 பாகை. இரண்டும் ஒன்றே, பின்னது சுலபம். ஏற்றும் அலை வலச்சுழல். டிஷ் பிரதிபலிக்கும்போது சுழற்சி தலைகீழாவதால் குவியத்தில் வைக்கும் பேட்ச் (தட்டை ஆன்டெனா) இடச்சுழலாக இருக்க வேண்டும்.

அனுப்பும் உரிமை உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) பேச்சுக்கு 75 செ.மீ. டிஷ்ஷில் 5 வாட் போதும். எஃப்எம் கூடாது. எல்லாருக்கும் ஒரே பெருக்கி என்பதால் ஒருவர் கத்தினால் மற்றவர் குரல் அடங்கும். ஓயாமல் ஒலிக்கும் அடையாள அலையான பீக்கனைவிட வலுவாகப் போனால் ‘லைலா’ என்னும் எச்சரிக்கை ஏற்பாடு உங்கள் அலைமேலேயே சைரன் ஊதும். உங்கள் குரல் 0.26 நொடி கழித்துத் திரும்பி வரும். ஹெட்ஃபோனில் அதைக் கேட்டுக்கொண்டேதான் அளவைச் சரிசெய்ய வேண்டும்.

காசிமேட்டு உப்புக்காற்றில் கேபிள் முனையிலுள்ள எஃப்-கனெக்டர் சீக்கிரம் பச்சைபூக்கும்; ரப்பர் டேப்பைச் சுற்றிவிடுங்கள். வெயிலின் சேட்டை வேறு. எல்என்பிக்குள் 25 மெகாஹெர்ட்ஸ் படிகம் 390 மடங்காகி 9750 ஆகிறது; இறங்கும் அலையிலிருந்து அதைக் கழித்ததுதான் நமக்கு வருகிறது. படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் கேட்பது 9.75 கிலோஹெர்ட்ஸ் நகரும். எஸ்எஸ்பி குரல் ஒன்றுக்கு 2.7 கிலோஹெர்ட்ஸ் போதும் என்னும்போது, மே மாத நண்பகலில் பேசிக்கொண்டிருந்தவரே காணாமல் போவார். ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய 25 மெகாஹெர்ட்ஸை வெளியிலிருந்து ஊட்டுவது நல்ல வழி. முடியாவிட்டால் 10489.750-இல் உள்ள நடுப்பீக்கனை மென்பொருள் பிடித்துக்கொண்டு திருத்தும்படி விடலாம்.